இடது காலில் கொடி

எனக்கு ஒருத்தியின் மேல் பொறாமை இருந்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனத்தாங்கல், சின்ன வருத்தம் என்றெல்லாம் நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. வயிறு எரிந்தது. அதற்குப் பெயர் பொறாமைதான்.

அவளுக்குக் கொட்டாஞ்சேனையில் மணப்பெண் அலங்காரம் செய்யும் சலூன் ஒன்று இருக்கிறது. நான் வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். டொக்டர்மாரின் கையெழுத்தை வாசித்து வாசித்துப் பழகிய கண் எனக்கு. ஒரு மருந்தைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார். என் அக்காவின் மகளுடைய கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வந்தபோதுதான் அவளைத் தெரியும். கொண்டைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் என் போனில் இருந்த ஒரு பறவைப் படத்தைக் கண்டுவிட்டாள்.

“என்னக்கா இது, காலில மோதிரம் போட்டிருக்கு?”

“மோதிரமில்லை, வளையம். நாங்கள்தான் போட்டனாங்கள்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணப்பெண்ணை அரைக் கொண்டையோடு இருக்க வைத்துவிட்டு விளக்கம் சொன்னேன். வடக்கே குளிர் தொடங்கியதும் கரைப்பறவைகள் புறப்பட்டு எங்கள் களப்புகளில் வந்து இறங்கும். அவற்றை வலையில் பிடித்து, ஒரு காலில் இலக்கம் பதித்த உலோக வளையமும் மற்றக் காலில் ஒரு சிறு நிறப் பிளாஸ்டிக் துண்டும் மாட்டி விடுவோம். அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கொடி என்று சொல்வோம். அதிலும் ஓர் எண் இருக்கும். வேறொரு நாட்டில் யாராவது அந்தக் கொடியைக் கண்டு அறிவித்தால், அந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியவரும். கேட்டுவிட்டு அவள், “என்னயும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்கக்கா” என்றாள். கூட்டிக்கொண்டு போனது நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல இடமில்லை.

எங்கள் குழு சனிக்கிழமை மாலை கொழும்பிலிருந்து புறப்படும். நானும் அவளும் புறக்கோட்டையில் சந்தித்து நீர்கொழும்பு பஸ் எடுப்போம். வத்தளை தாண்டும் வரை நெரிசலில் மூச்சு விட முடியாது, அதன் பிறகு இருக்க இடம் கிடைக்கும். அவள் பையிலிருந்து மீன் அடைத்த மாலுபாண் ஒன்றை எடுத்து, பெரிய பாதியை எனக்குத் தருவாள். களப்புக் கரையில் மீனவர் சங்கத்தின் மண்டபம் ஒன்றில் படுத்தெழும்பி, விடியும்போது வலையடிக்குப் போவோம். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு சிங்கள ஆசிரியர், எல்லோருக்கும் சேர். இளமையில் மன்னாரில் படிப்பித்தவர் என்பதால் தமிழ் கதைப்பார். வளையம் போடும் அனுமதி அவரிடம்தான் இருந்தது. அவர் பயிற்றுவித்து, அவர் எழுதிக் கொடுத்தால்தான் இன்னொருவருக்கு அந்த அனுமதி கிடைக்கும். நான் எட்டு வருடமாக அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன்.

முதல் நாள் அவளுக்கு ஒரு பறவையின் பெயரும் தெரியாது. உப்புக்கொத்தி, உள்ளான் எல்லாம் அவளுக்கு ‘குஞ்சு’தான். பக்கத்தில் நின்று நான் பெயர் சொல்லிக் கொடுத்தேன், இறகு மாற்றும் காலம் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். அடுத்த முறை வந்தபோது எல்லாவற்றையும் மறந்திருந்தாள். எனக்கு அதில் ஒரு கள்ளச் சந்தோசம் இருந்தது.

பிறகு சேர் அவளுடைய கையில் ஓர் உப்புக்கொத்தியைக் கொடுத்தார். முதுகு உள்ளங்கையில் இருக்கவேண்டும், கழுத்து சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வரவேண்டும், இறுக்கவும் கூடாது விடவும் கூடாது. சேர் ஒருமுறைதான் காட்டினார். பறவை அவளுடைய கையில் திமிறவேயில்லை. கண்ணை மூடித் திறந்துவிட்டுச் சும்மா கிடந்தது. சேர், “ஹரி, ஹரி” என்றார். அவர் திருப்திப்பட்டால் வரும் சிங்களச் சொல் அது. இத்தனை வருடத்தில் எனக்கு அவர் ஒரு ‘ஹரி’க்கு மேல் சொன்னதில்லை.

என் கை வியர்க்கும். பயத்தினால் அல்ல, பிறவியிலேயே அப்படி. பறவைக்கு அந்த ஈரம் பிடிக்காது. என் கையில் வந்தவை எல்லாம் உதறும், கத்தும், இரண்டு தரம் வளையம் போடுவதற்கு முன்பே பறந்தும் போயின. வீட்டில் அவித்த முட்டையைக் கைக்குட்டையால் சுற்றிப் பறவையாகப் பிடித்துப் பழகினேன். சோடா குடிக்கும் ஸ்ட்ரோவை வெட்டி, குறடால் வளையம் மூடப் பழகினேன். என் கணவர் கொஞ்ச நாள் பார்த்தார்.

“இஞ்சாரும், உமக்கு அந்தப் பிள்ளையோட போட்டியோ, குருவியோட போட்டியோ?” என்று கேட்டுவிட்டு முட்டையை எடுத்துச் சாப்பிட்டார்.

ஒரு காலை சேர் என்னைத் தனியே கூப்பிட்டார். “மிஸ், வளையம் போட ஆள் கிடைக்கும். எழுத ஆள் கிடைக்காது. உங்கட எழுத்து எங்களுக்கு வேணும்” என்றார். தேன் தடவிய பேச்சு. எழுத்து மேசையோடு இரு என்பதுதான் அதன் கருத்து. நானும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் வளையம் போட்டாள், நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து எழுதினேன்.

எழுதுகிறவரின் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வளையம் போடுகிறவர் இலக்கத்தைச் சொல்லுவார், எந்தக் காலில் வளையம், எந்தக் காலில் கொடி என்று சொல்லுவார். எழுதுகிறவர் அதைப் படிவத்தில் எழுதி, உரக்கத் திருப்பி வாசிப்பார். அதோடு விடமுடியாது. தலையைத் தூக்கிப் பறவையின் காலைத் தன் கண்ணால் பார்த்து, எழுதியதும் காலில் இருப்பதும் ஒன்றுதான் என்று கண்ட பிறகு ‘சரி’ என்று சொல்லவேண்டும். அந்தச் ‘சரி’ வரும் வரை பறவையை விடக்கூடாது. பறந்து போனதைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க முடியாதே. அதனால்தான் இரண்டு பேர்.

எங்கள் விதி, இடது காலில் வளையம், வலது காலில் கொடி. எங்கள் கொடியின் நிறத்தையே வேறொரு நாட்டுக் குழுவும் பாவிக்கிறது. அவர்கள் கொடியை இடது காலில் போடுவார்கள். கால் மாறினால் பறவையின் நாடே மாறிவிடும்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்த இடம் வலம் தடுமாறும். பறவை மல்லாந்து, வயிறு நம்மைப் பார்க்கக் கிடக்கும். அதன் வலது கால் நம்முடைய இடது பக்கம் வரும். அவளுக்கு இந்தத் தடுமாற்றம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மணப்பெண்ணைக் கண்ணாடி முன்னால் இருத்தி, கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்து பழகியவள் அவள். கண்ணாடியில் வலது வலப்பக்கமே தெரியும். எதிரே இருக்கிற முகம் அப்படித் தெரியாது. அவசரப்பட்டால் அவளுக்குப் பழைய பழக்கம் வந்துவிடும். இரண்டு மூன்று தரம் நான் “கால், கால்” என்று சொல்லி மாற்ற வைத்திருக்கிறேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “தேங்க்ஸ்க்கா” என்பாள். வளையம் போட்டு முடிந்ததும், “ஆ, மணப்பெண் ரெடி” என்று பறவையைத் தூக்கிக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் உள்ளே கறுவிக்கொண்டிருப்பேன்.

அவள் வந்து மூன்றாவது பருவம் அது. பறவைகள் திரும்பிப் போவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்தில், பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் முன்னால் சேர் அறிவித்தார். அடுத்த பருவம் அவள் தனியாக வளையம் போட அனுமதி கேட்டு எழுதப் போகிறாராம். கை தட்டினார்கள். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

“எல்லாம் உங்களாலதான்க்கா!”

ஓம், என்னால்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை. எட்டு வருடம் சேறு மிதித்தவள் நான். உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்குக் கடிதம். அவளுடைய தோளுக்கு மேலால் களப்பைப் பார்த்துக்கொண்டு, “சந்தோசம்” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் பறவைகள் நனைந்துவிடும், துணிப்பைகளில் இருப்பவற்றைச் சீக்கிரம் முடித்து விடுங்கள் என்று சேர் அவசரப்படுத்தினார். கடைசிக்கு முந்திய பையில் ஓர் உப்புக்கொத்தி. அவள் வளையத்தை மூடினாள், கொடியை மாட்டினாள், இலக்கங்களைச் சொன்னாள்.

“இடது காலில வளையம். வலது காலில கொடி.”

எழுதினேன். திருப்பி வாசித்தேன். தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தேன்.

கொடி இடது காலில் இருந்தது.

தெளிவாக இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்றோ, பறவை காலை உதைத்தது என்றோ சொல்ல வழியில்லை. அவள் பறவையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘கால்’ என்ற ஒரு சொல் போதும், முன்பெல்லாம் சொன்ன சொல்தான். வாயைத் திறந்தேன். கிடக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. என்றைக்காவது எங்கேயாவது யாராவது காணட்டும், இவளுடைய கைராசி அப்போது எல்லோருக்கும் தெரியவரட்டும்.

“சரி” என்றேன்.

அவள் கையை விரித்தாள். பறவை தண்ணீருக்கு மேலால் தாழப் பறந்து போனது. நான் படிவத்தில் சரி அடையாளம் போட்டேன். பறவைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தந்த மாலுபாணை என்னால் சாப்பிட முடியவில்லை. தலையிடி என்று சொல்லி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

மாதங்கள் போயின. பறவைகள் இல்லாத காலத்தில் நானும் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அடுத்த பருவம் தொடங்க முன்பு வழக்கமாக ஒரு கூட்டம் வைப்போம். அந்தமுறை எங்கள் வீட்டில் வைத்தோம். கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் நான்காம் மாடி, லிப்ட் அன்றைக்கும் பழுது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான் ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன்.

சேர் தன்னுடைய லெப்டொப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். வெளிறிய சேற்றுக் கரை, பின்னால் பனி மூடிய மலைகள், முன்னால் ஓர் உப்புக்கொத்தி. இங்கே நாங்கள் காண்கிற சாம்பல் நிறமில்லை. இனம் பெருக்கும் காலத்து நிறம் வந்து, நெஞ்சு செம்மஞ்சளாக இருந்தது. உலோக வளையம் போட்ட கால் சேற்றுக்குள் புதைந்து இருந்தது. மற்றக் காலில் எங்கள் நிறக் கொடி. இடது கால்.

எத்தனை பறவைக்கு வளையம் போட்டோம், அத்தனையிலும் இதுதானா போய்ப் படத்துக்கு நிற்கவேண்டும்?

சேர் விளக்கினார். இமயமலைக்கு அப்பால் ஓர் உப்பு ஏரியில் யாரோ எடுத்த படம். கொடி இடது காலில் இருந்ததால் அந்த மனிதர் மற்ற நாட்டுக் குழுவுக்கு அறிவித்திருக்கிறார். அவர்களுடைய படிவக் கட்டு ஒன்று மழையில் நனைந்து வாசிக்க முடியாமல் போய்விட்டதாம், அதில் இருந்த பறவையாக இருக்கலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அதே எண்ணில், அதே இனத்தில் எங்களிடமும் ஒரு பறவை இருக்கிறது. எங்கள் படிவத்தில் கொடி வலது கால்.

“எங்கட பறவை இவ்வளவு தூரத்தில ஒருநாளும் காணேல்ல. எங்கடையா இருந்தா பெரிய விசயம்” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார். “நங்கி, இது நீங்க போட்ட கொடி. கால் மாறியிருக்குமா?”

நான் கணக்குப் போட்டேன். பேசாமல் இருந்தால் பறவை பிறத்தியாருக்குப் போய்விடும். வாயைத் திறந்தால் பறவை அவளுக்கு. குழுவிலேயே முதல் தூரப் பறவை, அவளுடைய கையால் போனது என்று ஆகிவிடும். அவளைத் தலைகுனிய வைக்க நான் விட்ட பிழை, இப்போது அவளுக்கே மாலை போட வந்து நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போகப் பார்த்தேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தாள்.

“நான் மாத்தியிருப்பேன் சேர், எனக்கு அது வரும். ஆனா எழுதினது அக்கா. அக்கா பாக்காம சரி சொல்லமாட்டாங்க. படிவத்தில வலதுன்னா வலதுதான். இது நம்ம குஞ்சு இல்ல. அவங்களுக்கே குடுத்துருங்க.”

சேர் தலையாட்டினார். லெப்டொப்பை மூடக் கை வைத்தார்.

தட்டோடு நின்றுகொண்டிருந்த நான், “பொறுங்கோ சேர்” என்றேன். “அண்டைக்கு மழை வரப் பாத்தது. எல்லாரும் அவசரத்தில நிண்டனாங்கள். நான் காலை வடிவாப் பாக்கேல்ல போல. அவ சொன்னதை அப்பிடியே எழுதிப்போட்டுச் சரி எண்டிட்டன். பிழை என்ரை. இது எங்கட பறவைதான்.”

பாதி உண்மை. மற்றப் பாதியைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

வீடு ஒரே சத்தமாகிவிட்டது. சேர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். இப்படிப் பலர் முன்னால் தன் பிழையைச் சொல்ல ஒரு மனது வேண்டும் என்றார். ‘ஹரி’யும் சொன்னார், ஒன்றல்ல மூன்று. இத்தனை வருடமாக நான் ஏங்கிய பாராட்டு, ஒரு பொய்க்காக என் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவளையும் எல்லோரும் சூழ்ந்து கை குலுக்கினார்கள். அவள் நன்றி சொன்னாள். ஆனால் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது அவள்தான் கடைசி. வழக்கம் போல இரண்டு மாடி இறங்கி வழியனுப்பப் போனேன். படி வளைவில் அவள் நின்றாள்.

“அக்கா, நான் உள்ளுக்குச் சொன்னது சும்மா சொன்னதில்ல. நீங்க பாக்காம சரி சொல்ற ஆளில்ல.”

அவள் ஒரு படி ஏறி வந்தாள்.

“அப்ப பாத்திருக்கீங்க.”

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மழை இருந்தது, அவசரம் இருந்தது. எதிரே நின்றவளுக்கு என்னுடைய கண்ணைப் பற்றி முதலாளியை விட நன்றாகத் தெரியும்.

“ஓம். கண்டனான்.”

“ஏன்க்கா?”

“உமக்கு வந்த கை எனக்கு வரேல்ல. சேர் உமக்குக் கடிதம் குடுக்கிறன் எண்டார். எனக்கு எரிஞ்சுகொண்டு வந்தது. வேற ஒண்டுமில்லை.”

அவள் கோபப்பட்டிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்கும் என்னிடம் வாய் இருக்கிறது. அவள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“நான் காலையே பாக்கிறதில்லக்கா. உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்” என்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

இந்தப் பருவம் அவள் தனியாக வளையம் போடுகிறாள், அனுமதி வந்துவிட்டது. எழுதுகிற ஆளை மாற்றித் தரும்படி சேரிடம் கேட்டிருக்கிறாள், காரணம் சொல்லவில்லை. என்னைப் பற்றி இன்றுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோரும் இன்னும் என்னை மதிக்கிறார்கள். நான் சேரின் மேசையில் எழுதுகிறேன். அவளுடைய மேசையில் எழுதுவது, பாங்கில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர். இலக்கத்தை இரண்டு தரம் கேட்பார், கண்ணாடியைத் துடைப்பார், பென்சிலைக் கீழே போட்டுத் தேடுவார். எழுதி முடித்துத் திருப்பி வாசித்து, குனிந்து காலைப் பார்த்து, ஆறுதலாகச் ‘சரி’ என்பார். அதுவரை அவள் பறவையைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு இப்போது அந்த மனிதரைக் கண்டால்தான் வயிறு எரிகிறது.